கணக்கு இருக்கு... கையில!

ஒரு சின்ன சோதனை. உங்கள் வீட்டில் ஒண்ணாவதோ ரெண்டாவதோ படிக்கிற வாண்டு இருந்தால் கூப்பிடுங்கள். ஒரு பேப்பரில் முக்கோணம் வரையுங்கள். அடிப்பக்கம் கீழே, கூர்முனை மேலே. "கண்ணு, இது என்ன?" என்று கேளுங்கள். "முக்கோணம்!" என்று டக்கென்று பதில் வரும்.

இப்போது பேப்பரை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். "இது?"

பல குழந்தைகள் முழிக்கும். "ஐஸ்கிரீம் கோன்" என்று சொல்லும் ஒன்று. "இது தப்பா இருக்குதுங்ம்மா" என்று சொல்லும் இன்னொன்று. அடுத்து, ஒரு சதுரத்தை வரைந்து கொஞ்சம் சாய்த்துக் காட்டுங்கள். "டைமண்ட்!" என்பார்கள். ஒரு விநாடிக்கு முன்னால் அது சதுரமாக இருந்ததே, திருப்பினதும் எப்படி வேறாகிப் போச்சு?

"இதுகூடத் தெரியலையா? ஸ்கூலுக்கு அத்தனை ஃபீஸ் கட்டறோமே!" என்று தலையில் குட்டிவிடாதீர்கள். குழந்தை மேல் தப்பே இல்லை. அது பார்த்த முக்கோணமெல்லாம் ஒரே மாதிரி முக்கோணம். புத்தகத்திலும், சார்ட்டிலும், போர்டிலும் கூர்முனை மேலே பார்த்து நிற்கும் முக்கோணம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை!

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நெதர்லாந்தில் பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே என்று ஒரு தம்பதி. இரண்டு பேருமே கணக்கு டீச்சர்கள். "அல்ஜீப்ராவில் ஓரளவு தேறுகிற பிள்ளைகள்கூட ஜியாமெட்ரியில் ஏன் திணறுகிறார்கள்?" என்று யோசித்து, 1957ல் ஆளுக்கொரு ஆய்வேடு கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: குழந்தை முதலில் வடிவத்தை மொத்தமாக, முகத்தை அடையாளம் காண்கிற மாதிரி பார்க்கிறது. "கதவு மாதிரி இருக்கு, அதனால செவ்வகம்." அடுத்த படியில்தான் "நாலு பக்கம், நாலு மூலையும் நேர்கோணம், எதிர்ப்பக்கம் சமம்" என்று குணங்களைப் பிரித்துப் பார்க்கிறது.

முக்கியமான விஷயம், இந்தப் படி ஏறுவது வயசானால் தானாக நடப்பதில்லை. தொட்டு, மடித்து, அடுக்கி, வெட்டி, ஒட்டிப் பழகினால்தான் நடக்கும். கைக்கு வேலை கொடுக்காமல் டெஃபனிஷனை மட்டும் உருப்போட வைத்தால், ஹைஸ்கூல் போனபிறகும் பிள்ளை முதல் படியிலேயே நிற்கும். தேற்றத்தை மனப்பாடம் பண்ணும், கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கோட்டை விடும். கணக்கு பரீட்சை அன்று காலையில் வயிற்று வலி வருகிறதே, அதன் வேர் பல பேருக்கு இங்கேதான் இருக்கிறது.

"என்ற பையனுக்கு அந்த மூளை இல்லீங்க" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். வடிவங்களை மனசில் திருப்பிப் பார்க்கும் திறமையை வளர்க்க முடியுமா என்று 217 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2013ல் அமெரிக்க நிபுணர்கள் முடிவு சொன்னார்கள். 'வளர்க்க முடியும், வளர்த்தது நிலைத்தும் நிற்கும்.' ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. பில்டிங் பிளாக்ஸ் தம்பிக்கு, பொம்மை பாப்பாவுக்கு என்று பிரித்து வாங்கிக் கொடுக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

டாக்டர் ஏன் வட்டம் போடச் சொல்கிறார்?

குழந்தை டாக்டரிடம் போனால், சில சமயம் பேப்பரும் பென்சிலும் கொடுத்து "இதைப் பார்த்து வரை" என்பார். விளையாட்டு இல்லை, அது பரிசோதனை! கண், கை, மூளை மூன்றும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறார். பொதுவாக 3 வயதில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். 4 வயதில் கூட்டல் குறி. நாலரை வாக்கில் சதுரம். 5 வயதில் முக்கோணம். டைமண்ட் வரைய 6, 7 வயசாகிவிடும். சாய்ந்த கோடு அவ்வளவு கஷ்டம்!

ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் கவலை வேண்டாம். ஆனால் 7 வயதிலும் முக்கோணத்தைப் பார்த்து வரைய முடியவில்லை, சட்டை பட்டன் போடத் திணறுகிறது, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறது, புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது என்றால் டியூஷன் வைக்கும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். கண் பரிசோதனை முதல் வேலை. அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

டெபுடி கலெக்டர் மடித்த காகிதம்

கைத்தொழில் மாதிரி கணக்கு சொல்லிக்கொடுப்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தால், அது தப்பு. 1893ல் சென்னையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வெளியானது. காகிதத்தை மடித்தே ஜியாமெட்ரி கற்பது எப்படி என்று சொல்லும் புத்தகம். எழுதியவர் டி.சுந்தர ராவ். தொழில், டெபுடி கலெக்டர்! கிண்டர்கார்டனில் குழந்தைகள் விளையாடும் காகித மடிப்புதான் தனக்கு யோசனை தந்தது என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். ஜெர்மனியின் பெரிய கணித மேதை பெலிக்ஸ் க்ளைன் அந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டு எழுத, 1901ல் அது அமெரிக்காவிலும் அச்சானது. இன்றுவரை மறுபதிப்பு கண்டுகொண்டிருக்கிறது.

அதே 1893ல்தான் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஜி.டி.நாயுடு பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டி, கையாலேயே படித்த மனிதர். கையால் கற்றுக்கொண்டு ஊரே அண்ணாந்து பார்க்கும்படி வளர்ந்தவருக்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

1939ல் இன்னொரு பெரிய ஆள் தமிழ்நாட்டுக்கு வந்தார். மரியா மாண்டிசோரி. கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும், அவர் அடிப்படையில் ஒரு டாக்டர்! சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கினார். அவருடைய வடிவப்பெட்டியில், குமிழ் வைத்த மர முக்கோணம், வட்டம் எல்லாம் இருக்கும். குழந்தை இரண்டு விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, அதற்குரிய குழியில் பொருத்த வேண்டும். தடவுவது எதற்கு, பார்த்தால் போதாதா? பிரான்சில் பாலர் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2011ல் வெளிவந்தது. கண்ணால் பார்த்ததோடு விரலாலும் தடவிய குழந்தைகள் வடிவங்களை இன்னும் நன்றாக அடையாளம் கண்டார்கள்!

சென்னை முத்தியால்பேட்டை பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே.சீனிவாசன் (1924-2005) குப்பையில் போகிற சாமானையெல்லாம் கணக்குக் கருவி ஆக்கியவர். நம்ம ஈரோட்டில் பிறந்த ராமானுஜத்தின் பெயரில் 1993ல் ராயபுரத்தில் ஆரம்பித்த மியூசியத்தின் பின்னணியில் இருந்தவரும் அவரே. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-08ல் அது தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டு, விளையாட்டு, பொருள்கள் உண்டு. முதல் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே வடிவியல் இருக்கிறது. பாக்கி இருப்பது வீட்டில் நம்ம பங்கு!

கோயமுத்தூரே ஒரு லேப்!

கொங்கு நாட்டில் பிறந்த குழந்தைக்கு ஜியாமெட்ரி பொம்மைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சுற்றிலும் ஜியாமெட்ரிதான்.

* சமையலறை கிரைண்டரைக் காட்டுங்கள். டிரம் உருளை. உள்ளே சுற்றும் கல் கூம்பு. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே வாங்கின சாமான்!

* மில்லில் வேலை செய்கிற சொந்தக்காரர் இருந்தால் நூல் சுற்றும் காலி கோன் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். கோனையும் பவுடர் டப்பாவையும் தரையில் உருட்டச் சொல்லுங்கள். டப்பா நேராகப் போகும். கோன் வட்டமடித்துத் திரும்பும். அடி அகலமாகவும் நுனி ஒடுக்கமாகவும் இருப்பதால், ஒரு சுற்றில் அகலப்பக்கம் அதிக தூரம் போகிறது, ஒடுக்கப்பக்கம் பின்தங்குகிறது. அதனால்தான் வளைகிறது. வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளரை உருட்டினால் எப்படிப் போகும்? முதலில் குழந்தையை ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு உருட்டட்டும்.

* திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்ன செய்கிறார்? முன்பக்கம், முதுகு, கை எல்லாவற்றையும் துணியில் இடைவெளி இல்லாமல் பொருத்தி வைக்கிறார். இடைவெளி கூடினால் துணி வேஸ்ட், காசு நஷ்டம். பழைய காலண்டர் அட்டையில் ஒரே மாதிரி முக்கோணங்கள் வெட்டிக் கொடுத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கச் சொல்லுங்கள். சதுரத்தையும் அடுக்கலாம், அறுகோணத்தையும் அடுக்கலாம். வட்டத்தை? எப்படி வைத்தாலும் சந்து விழும்!

* வீடு கட்டுகிற இடத்தைத் தாண்டிப் போனால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கொத்தனார் கையில் தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம். சுவர் செங்குத்தா, மூலை நேரா, தரை மட்டமா என்று பார்க்கிறார். மூன்றடி, நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை நேர் என்பது பல கொத்தனார்களுக்கு அத்துப்படி. பித்தாகரஸ் தேற்றம் மணலில் கிடக்கிறது!

* வாசல் கோலத்தை விட்டுவிட முடியுமா? நேர்ப்புள்ளி வைத்தால் புள்ளிகளுக்கு நடுவே சதுரம். சந்துப்புள்ளி வைத்தால் முக்கோணம். பாதிக் கோலத்தின் ஓரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திக் காட்டுங்கள், மீதிப் பாதி கண்ணாடிக்குள் தெரியும். சமச்சீர் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்கவே வேண்டாம். சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974லேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் மொழி இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். பாட்டியின் கோல நோட்டு சாதாரண நோட்டு இல்லைங்க!

வீட்டிலேயே செய்யலாம்

*ஆணிப்பலகை.* ஆசாரியிடம் ஓரடிக்கு ஓரடி பலகை வாங்கி, இரண்டு அங்குல இடைவெளியில் வரிசைக்கு 5 வீதம் 25 ஆணி பாதி மட்டும் அடியுங்கள். கலர் ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட். முடிந்தது வேலை! 1950களில் காலிப் கட்டெக்னோ என்ற கல்வியாளர் பரப்பிய கருவி இது. ரப்பர் பேண்டை இழுத்து முக்கோணம், சதுரம் எல்லாம் செய்யலாம். தப்பானால் அழிக்க ரப்பர் வேண்டாம், கழற்றி மாட்டினால் போதும். அதனால் பயமே வராது. மூன்றாவது, நாலாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சவால்: இந்தப் பலகையில் எத்தனை அளவுகளில் சதுரம் போடலாம்? நேராக நிற்பது 4 அளவு என்று சீக்கிரம் சொல்லிவிடுவார்கள். சாய்ந்து நிற்பது இன்னும் 4 அளவு இருக்கிறது. மொத்தம் 8. இதைக் கண்டுபிடித்த குழந்தை இனிமேல் சாய்ந்த சதுரத்தை "டைமண்ட்" என்று சொல்லாது!

*கொண்டைக்கடலையும் பல் குத்தும் குச்சியும்.* ராத்திரி ஊறவைத்த கடலையில் குச்சியைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்யச் சொல்லுங்கள். லேசாக அழுத்தினால் சதுரம் கோணிக்கொள்ளும். முக்கோணம் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்தால் அதுவும் உறுதியாகிவிடும், ஏனென்றால் இப்போது அது இரண்டு முக்கோணம். கரண்ட் டவரிலும் இரும்புப் பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று அடுத்த தடவை பஸ்ஸில் போகும்போது குழந்தையே உங்களுக்குச் சொல்லும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா இதையே சைக்கிள் வால்வ் டியூப்பும் தீக்குச்சியும் வைத்துச் செய்து காட்டி, நாடு முழுக்கக் குழந்தைகளுக்குக் கொண்டுபோனார். 2018ல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சி என்றால் மருந்தைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள்.

இதில் ஒரு கண் விஷயமும் இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லருக்குச் சின்ன வயதில் பார்வைக் கோளாறு. 1899ல் கிண்டர்கார்டனில் பட்டாணியும் குச்சியும் கொடுத்தபோது மற்ற பிள்ளைகள் வீடு மாதிரி சதுரமாகக் கட்டினார்கள். வீடு எப்படி இருக்கும் என்று சரியாகப் பார்த்தே இராத இவர், கையால் அழுத்தி எது உறுதியாக நிற்கிறது என்று தடவித் தடவி, முக்கோணமாகக் கட்டினார். பின்னாளில் முக்கோணங்களால் ஆன உருண்டைக் கூரைகளுக்காக உலகப்புகழ் பெற்றார். இதைச் சொன்னது அவரேதான்.

*கிழித்து ஒட்டும் மாயம்.* எப்படிப்பட்ட முக்கோணமாக இருந்தாலும் சரி, பேப்பரில் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒன்றை ஒன்று தொடும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு நேர்கோடு வரும். குண்டு முக்கோணம், ஒல்லி முக்கோணம், எதுவானாலும்! '180 டிகிரி' என்ற எண்ணைப் பிறகு டீச்சர் சொல்லிக்கொள்ளட்டும்.

டேப்லெட் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் நல்ல ஆசான்தான், வரிசை தெரிந்து கொடுத்தால். முதலில் கை, அப்புறம் காகிதம், கடைசியில் திரை.

1967ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். திரையில் ஓர் ஆமை. "முன்னே போ, வலது பக்கம் திரும்பு" என்று கட்டளை கொடுத்தால் கோடு போட்டுக்கொண்டே நடக்கும். ஆமை எப்படிப் போகும் என்று தெரியவில்லையா? எழுந்து நீயே நடந்து பார் என்றார் பேப்பர்ட்.

இதைக் கம்ப்யூட்டர் இல்லாமல் மொட்டை மாடியிலேயே ஆடலாம். அப்பாதான் ரோபோ, குழந்தைதான் எஜமான். "அஞ்சு அடி நட. வலது பக்கம் கால் சுத்து திரும்பு." இதையே நாலு தடவை சொன்னால் அப்பா சதுரம் போட்டுவிடுவார். சமபக்க முக்கோணம் போடச் சொன்னால்தான் வேடிக்கை. உள்கோணம் 60 டிகிரி என்று படித்த பெரிய பிள்ளை 60 திரும்பச் சொல்லும். அப்பா எங்கேயோ போய்விடுவார்! 120 திரும்பினால்தான் முக்கோணம் மூடும். ஏன் என்று சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டிய விஷயம் அது. இப்படி விளையாடிய பிறகு 'ஸ்கிராட்ச்', 'ஜியோஜீப்ரா' மாதிரி இலவச மென்பொருள்களைத் திறந்து கொடுத்தால், குழந்தைக்குத் திரையில் நடப்பது புரியும். முக்கோணத்தின் மூலையைப் பிடித்து இழுக்க இழுக்க அது வளர்வதையும் சாய்வதையும் ஜியோஜீப்ராவில் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சி. பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

அளவு முக்கியம். 5 வயதுக்குக் கீழே திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது, இரண்டு வயது ஆகும் வரை அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கும் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணை எடுத்து, தூரத்தில் இருக்கிற மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளி வெளிச்சத்தில் அதிகம் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. அப்பா ரோபோ விளையாட்டு மொட்டை மாடியில் என்றால், கணக்கும் ஆச்சு, கண்ணுக்கும் ஆச்சு!

அம்மா அப்பா கவனிக்க...

* "எனக்கும் கணக்குன்னா ஆகாது கண்ணு" என்று குழந்தை எதிரில் சொல்லாதீர்கள். கணக்கைக் கண்டு பதறும் பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவி செய்தபோது, முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அந்த வருஷம் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள் என்று 2015ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பதற்றம் ஒட்டிக்கொள்ளும். ஹோம்வொர்க்கை விட்டு, ஆணிப்பலகையோடு உட்காருங்கள். விளையாட்டில் யாருக்கும் பதற்றம் வராது.

* 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் வீட்டில் துண்டுப்படம் சேர்த்து விளையாடிய குழந்தைகள், நாலரை வயதில் வடிவங்களைத் திருப்பிப் பார்க்கும் சோதனையில் நன்றாகச் செய்தார்கள் என்கிறது சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு (2012). பழைய காலண்டர் படத்தை ஆறு துண்டாக வெட்டினாலே துண்டுப்படம் ரெடி.

* விளையாடும்போது பேசுங்கள். "அதை இங்க வை" என்பதற்குப் பதிலாக "நீளமான ஓரத்தை மூலையோடு சேர்த்து வை" என்று சொல்லுங்கள். மூலை, ஓரம், குறுக்கே, எதிரே, மேல்பக்கம் என்ற சொற்கள்தான் பின்னாளில் ஜியாமெட்ரி பாடமாகின்றன.

* 3 வயதுக்குக் கீழே கடலை, ரப்பர் பேண்டு, குச்சி எதுவும் எட்டும் இடத்தில் வேண்டாம். தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. ஆணிப்பலகை 5 வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

* பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கை மட்டும் கேட்காமல், "கணக்கு பீரியடில் குழந்தைகள் கையில் என்ன பொருள் கொடுக்கிறீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது என்று பதில் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் போர்டைத் தொடுவது டீச்சரா, குழந்தையா? அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றே ஒன்று போதும். சனிக்கிழமை ராத்திரி குழம்புக்குக் கடலை ஊறப்போடும்போது ஒரு பிடி கூடுதலாகப் போடுங்கள். காலையில் குச்சி டப்பாவோடு குழந்தை முன்னால் வைத்துவிட்டு, எதையும் சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். என்ன கட்டுகிறது என்று பாருங்கள். மிச்சக் கடலை சுண்டலுக்கு!